நாலு நிமிஷ வேலை

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவள் கீழே, இளையவள் மாடியில். மாமியார் பகலெல்லாம் கீழே இருப்பார், சாயங்காலமானால் மாடிக்குப் போய்விடுவார். பெரிய டிவி அங்கேதான் இருந்தது. பேச்சுத் துணையும் அங்கேதான் என்பார்.

மூத்தவளுக்கு நாற்பத்திரண்டு வயது. லாரிகளை ஏற்றி எடை பார்க்கும் மேடைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாக இருந்தாள். புரோகிராம் எழுதுவது அவள் வேலை இல்லை. மற்றவர்கள் எழுதிக் கொடுப்பதை ஒன்று சேர்த்து, ஓடுகிற பொருளாக்கி அனுப்புவது அவள் வேலை. பில்டு என்பார்கள். வெளியில் பெயர் வராத வேலை. சரியாக ஓடினால் எழுதியவனைப் பாராட்டுவார்கள், ஓடாவிட்டால் அவளைக் கூப்பிடுவார்கள்.

எதையும் நிதானமாகத்தான் செய்வாள். துணி மடித்தால் நான்கு மூலையும் சேர வேண்டும். அடுப்படி மேடையைத் துடைத்தால் கடைசியில் துணியையும் அலசிக் காயப் போட்ட பிறகுதான் நகருவாள். கல்யாணமான இரண்டாம் மாதமே மாமியார் அவளுக்கு ஜவ்வு என்று பெயர் வைத்துவிட்டார். "ஜவ்வு எழுந்துட்டாளா? டீ இன்னிக்கே கிடைக்குமா, நாளைக்கா?" என்று ஹாலில் இருந்து கேட்பார். கணவன் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரிப்பான். பதினாறு வருடமாகக் கேட்டுக் கேட்டு அந்தப் பெயர் அவளுக்கு மரத்துப்போயிருந்தது. மரத்துப்போய்விட்டது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

இளையவள் கல்யாணத்துக்கு முன்பு நான்கு வருடம் புரோகிராம் எழுதியவள். படு சுட்டி. பையன் பிறந்ததும் வேலையை விட்டாள். அவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது ஆறு வருடம் ஓடிப்போயிருந்தது. எங்கே விண்ணப்பம் போட்டாலும் அந்த ஆறு வருடத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். மாமியார் மூத்தவளைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

மூத்தவள் சொன்னாள். மேனேஜர் எடுத்துக்கொண்டார். மூன்று மாதம் பார்ப்போம், சரிப்பட்டால் நிரந்தரம் என்றார்.

இளையவளுக்கு ஒரு கணினியை மூத்தவளே தயார் செய்து கொடுத்தாள். தன் கணினியில் இருந்ததை அப்படியே அதற்கு மாற்றினாள். அந்தக் கம்பெனியில் ஏழெட்டு புரோகிராம்கள் உண்டு. எடை படிக்க ஒன்று, சீட்டு அச்சடிக்க ஒன்று, இப்படி. எல்லாவற்றுக்கும் பொதுவான காரியங்களைத் தனியாக ஒரே ஃபைலில் கட்டி வைத்திருந்தார்கள். ஷேர்டு லைப்ரரி என்பார்கள். ஒவ்வொரு புரோகிராமும் தனக்கு வேண்டியதைப் பெயர் சொல்லி அதிலிருந்து அழைத்துக்கொள்ளும். அழைத்த பெயருக்கெல்லாம் உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்த்து முடிச்சுப் போடுவது லிங்கர் என்ற கருவியின் வேலை. ஆள் இல்லையென்றால் முடிச்சு விழாது. 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடும்.

அந்த மாதம்தான் லைப்ரரி புதிதாகியிருந்தது. லாரியின் மொத்த எடை மட்டுமல்லாமல், சக்கரங்களைத் தாங்கும் ஒவ்வொரு அச்சின் மேலும் எவ்வளவு பாரம் என்று தனித்தனியாகச் சொல்லும் ஒரு காரியம் அதில் சேர்ந்திருந்தது. அதை வைத்துப் புது புரோகிராம் எழுதுவதுதான் இளையவளின் வேலை.

முதல் பத்து நாள் நன்றாகத்தான் போனது. இருவரும் ஒரே பஸ்ஸில் போய் வந்தார்கள். இளையவள் எல்லாரிடமும் சட்டென்று ஒட்டிக்கொண்டாள். இரண்டாவது வாரம், புதன்கிழமை, சாப்பாட்டு மேஜையில் யாரோ வீட்டைப் பற்றிக் கேட்டார்கள். இளையவள் தன் மாமியார் எல்லாருக்கும் பட்டப்பெயர் வைக்கும் கதையைச் சொன்னாள். தன் கணவனுக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு, பால்காரருக்கு.

"அக்காவுக்கு ஜவ்வு."

மேஜையே சிரித்தது. மூத்தவளும் சிரித்தாள். டப்பாவை மூடி, அதன் ரப்பர் வளையத்தைச் சரியாகப் பொருத்தி, எழுந்து போனாள்.

மறுநாள் காலை டெஸ்டிங் பிரிவுப் பையன் ஒருவன் அவள் மேஜையைக் கடந்தபடி, "ஜவ்வு மேடம், என் பில்டு ஆச்சா?" என்றான். இன்னொருத்தன், "ஒட்டற வேலைக்குப் பொருத்தமான பேருதான்," என்றான். பதினோரு வருடமாக அந்தக் கட்டடத்தில் அவளுக்கு அந்தப் பெயர் இல்லாமல் இருந்தது.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு இளையவள் கூப்பிட்டாள். "அக்கா, இது என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்."

திரையில் அந்த வரி. அச்சு எடையைப் படிக்கும் காரியத்தின் பெயர், அதன் முன்னால் அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ். மூத்தவள் அதற்கு மேலே இருந்த நீண்ட கட்டளையை ஒரு தடவை படித்தாள். விஷயம் புரிந்துவிட்டது. லிங்கர் லைப்ரரியைத் தேடும்போது ஃபோல்டர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகும். அந்தப் பெயரில் முதலில் எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும். தன் கணினியில் இருந்ததை அள்ளிக் கொட்டியபோது பழைய லைப்ரரியும் இந்தக் கணினியின் பொது ஃபோல்டருக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. வரிசையில் அதுதான் முதல். புது லைப்ரரி வரை லிங்கர் போகவே இல்லை. தப்பு இளையவளுடையது இல்லை, தன்னுடையது. பழையதை அழித்துவிட்டு, எந்த லைப்ரரி எங்கே இருக்கிறது என்று கணினி வைத்திருக்கும் பட்டியலைப் புதுப்பித்தால் முடிந்தது. நாலு நிமிஷ வேலை.

சொல்லத்தான் வாயெடுத்தாள். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "ஜவ்வு மேடம், எனக்கு மூணு மணிக்குள்ள வேணும்." இளையவள் உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள், அடங்கவில்லை, சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.

"உன் புரோகிராம்லதான் ஏதோ தப்பு. நல்லா பாரு," என்று சொல்லிவிட்டு மூத்தவள் தன் இடத்துக்குப் போனாள்.

சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்ததாகத்தான் தெரிகிறது. சாயங்காலம் பஸ்ஸில் கூட்டம். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் வந்தபோது சொல்லாமல் இருப்பதன் ருசி நாக்கில் பட்டுவிட்டது.

இளையவள் தன் புரோகிராமைத் தலைகீழாகப் புரட்டினாள். பெயரில் எழுத்து மாறியிருக்கிறதா என்று காகிதத்தில் அச்சடித்து, ஸ்கேல் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாள். முழுவதையும் அழித்து முதலிலிருந்து எழுதினாள். புது லைப்ரரிக்குள் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று பட்டியல் எடுத்துப் பார்த்தாள். அந்தப் பெயர் அங்கே இருந்தது.

"இருக்குக்கா. என் கண்ணால பாக்கறேன். ஆனா இல்லைங்குது."

"இருந்தா எடுத்திருக்குமே. எங்கயோ தப்பா கூப்பிடற நீ."

அந்த ஆபீஸ் கணினிகளில் இணையம் கிடையாது. இளையவள் வீட்டில் போனில் படித்ததை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்தாள். லைப்ரரியின் பெயரைக் கட்டளையின் கடைசியில் போட்டுப் பார்த்தாள். எழுத்துப் பிசகு தேடினாள். மூன்றாம் வாரம் அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மூத்தவள் தன் இடத்திலிருந்தே அந்தக் கணினிக்குள் நுழைந்து, பழைய ஃபைல் இன்னும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். இருந்தது.

ஐந்தாம் வாரம் இளையவள் கிட்டத்தட்ட விடையின் வாசலுக்கே வந்துவிட்டாள். நோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, இதே லைப்ரரி இந்த மெஷின்ல வேற எங்கயாவது இன்னொரு காப்பி கிடக்குமா?"

மூத்தவள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நான் செட் பண்ணிக் குடுத்த மெஷின் இது. என் வேலையில நம்பிக்கை இல்லையா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலக்கா." இளையவளின் முகம் சிவந்துபோனது. நோட்டில் அந்த வரியை அடித்தாள். அந்தப் பக்கம் பிறகு அவள் திரும்பவே இல்லை.

வீட்டில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கார் ஷோரூமில் வேலை பார்க்கும் அவள் கணவனுக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் இஷ்டமில்லை. "என்ன, இன்னிக்காவது ஒட்டுச்சா?" என்று தினமும் கேட்பான். பையனின் வீட்டுப்பாடம் தவறினால் அதற்கும் அவள் வேலைதான் காரணம். மாமியார் ஒருநாள் மாடியிலிருந்து இறங்கி வந்து, மூத்தவளின் காதுபடச் சொன்னார்: "நம்ம மூத்தவ பதினோரு வருஷமா போய்ட்டு வர்றா. ஒருநாளாவது இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டு வந்திருக்காளா?"

நம்ம மூத்தவ. பாத்திரம் துலக்கும்போது அந்த இரண்டு வார்த்தைகளை மூத்தவள் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அதற்கப்புறம் மாமியார் சாயங்காலங்களில் கீழேயே உட்கார ஆரம்பித்தார்.

பன்னிரண்டாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, அந்தப் புது புரோகிராமைக் கேட்டிருந்த கல்குவாரி ஆட்கள் லாரியோடு வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அன்று காலை எட்டரைக்கு இளையவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். லைப்ரரியை நீயே தேடு என்று லிங்கரிடம் விடாமல், புது லைப்ரரி இருக்கும் ஃபோல்டரிலிருந்து ஃபைல் பெயர் வரை முழு முகவரியையும் கட்டளையிலேயே எழுதினாள். முடிச்சு விழுந்தது. எழுபது நாளாகப் பார்க்காத வெற்றுத் திரை, ஒரு பிழையும் இல்லாமல். புரோகிராமை ஓட்டினாள், முகப்பும் வந்தது. ஓடி வந்து மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துடுச்சுக்கா."

மூத்தவளுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். முடிச்சுப் போடும்போது முகவரி கொடுத்தது சரி. ஆனால் ஓடும்போது கணினி மறுபடியும் தன் பட்டியலைப் பார்த்துத்தான் லைப்ரரியைத் தேடும். அந்தப் பட்டியல் பழையதைத்தான் காட்டும். அச்சு எடையைக் கேட்கும் நிமிடம் வரை புரோகிராம் ஒன்றும் தெரியாத மாதிரி ஓடும், கேட்டதும் விழும். லாரி ஏறினால்தான் அது கேட்கும்.

"அந்த டெஸ்ட் பெட்டியைக் குடுங்கக்கா, ஒரு தடவை ஓட்டிப் பாத்துடறேன்," என்றாள் இளையவள். லாரி ஏறியது போலவே பொய்யாகக் கணக்குக் காட்டும் பெட்டி அது.

"பெட்டி ரிப்பேருக்குப் போயிருக்கு."

பெட்டி மூத்தவளின் நாற்காலிக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. சாவி அவள் கைப்பையில் இருந்தது.

பதினொரு மணிக்குப் பின்பக்கத்து மேடையில் லாரி ஏறியது. இளையவளின் கணினியை அங்கேயே கொண்டுவந்து வயரைப் பொருத்தியிருந்தார்கள். முகப்பு வந்தது, லாரி எண் வந்தது, மொத்த எடை வந்தது. கல்குவாரிக்காரர் தலையாட்டினார். அடுத்த நொடி எல்லாம் மறைந்து, கறுப்புத் திரையில் ஒற்றை வரி நின்றது. அதே பெயர். மறுபடி ஓட்டினாள். மறுபடி அதே இடத்தில் விழுந்தது. மூன்றாவது தடவை அவள் விரல் எழுத்துகளைத் தவறவிட்டது.

மேனேஜர் அவளைப் பார்க்காமல் மூத்தவளைப் பார்த்தார். "நீங்க உக்காருங்க."

"நீ போய் முகத்தைக் கழுவிட்டு வா," என்றாள் மூத்தவள். இளையவள் எழுந்து இடம் கொடுத்தாள்.

பழைய ஃபைலை அழித்தாள். பட்டியலைப் புதுப்பித்தாள். இளையவள் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. லாரி பின்னால் போய் மறுபடி ஏறியது. மூன்று அச்சுக்கும் மூன்று எண்கள் வரிசையாக வந்தன. கல்குவாரிக்காரர், "இதைத்தான் கேட்டேன்," என்றார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தார். "நாலு நிமிஷம்."

இளையவள் ஈர முகத்தோடு வந்து நின்று, தன் புரோகிராம் ஓடுவதைப் பார்த்தாள். "என்னக்கா பண்ணீங்க?"

"சின்ன விஷயம். அப்புறம் சொல்றேன்."

மூன்று மணிக்கு மேனேஜர் இளையவளை அறைக்குக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது. "நிரந்தரம் பண்ண முடியாது. உங்களைத் தப்பு சொல்லல. ஆறு வருஷம் சும்மா இருந்தா மூளையும் சும்மாதான் இருக்கும். அது இயற்கை. வீட்டைப் பாத்துக்கறதும் ஒரு வேலைதானே?" என்றார். வெளியே எல்லாரும் தங்கள் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ்ஸில் இளையவள் மறுபடியும் கேட்டாள். "அது என்ன தப்புக்கா? தெரிஞ்சாலாவது மனசு ஆறும்."

"உனக்கு இனிமே எதுக்கு அதெல்லாம்?" என்றாள் மூத்தவள், ஜன்னலைப் பார்த்தபடி.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். மூத்தவளின் கணவனுக்கு வழக்கமில்லாத உற்சாகம். "மூணு மாசமா யாருக்கும் வராததை இவ நாலு நிமிஷத்துல முடிச்சிருக்கா. ஏதோ பழைய ஃபைல் குறுக்க கிடந்துச்சாமே?" என்றான். அவனிடம் வீட்டில் பெருமையாகச் சொல்லியிருந்தாள். அது எங்கே போய் முடியும் என்று யோசிக்கவில்லை.

இளையவளின் கை தட்டிலேயே நின்றது. "பழைய ஃபைலா? அது அங்க எப்ப வந்துச்சு?"

"மெஷின் செட் பண்ணப்ப வந்திருக்கும்," என்றாள் மூத்தவள்.

"சாப்பிடற நேரத்துல என்ன ஃபைலு கிய்லு?" என்றார் மாமியார். பேச்சு அத்தோடு நின்றது.

மறுநாள் காலை மொட்டை மாடியில் மூத்தவள் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். இளையவள் நோட்டோடு வந்தாள். அடித்த வரியைக் காட்டினாள்.

"இதை நான் கேட்டேன். நீங்க நம்பிக்கை இல்லையான்னீங்க. அப்ப தெரியுமா உங்களுக்கு?"

மூத்தவள் ஈரத் துண்டை உதறினாள். "தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"முத நாள்லேர்ந்து."

"ஏங்க்கா?"

"ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் என்னை ஜவ்வுன்னு சொன்னியே."

இளையவள் யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள், நெற்றி சுருங்கியது. "எப்ப சொன்னேன்?"

நடிக்கவில்லை. அவளுக்கு அது நினைவிலேயே இல்லை. மூத்தவள் துண்டின் இரண்டு மூலைகளையும் இழுத்துச் சமமாக்கி கிளிப் மாட்டினாள்.

இளையவள் மாமியாரிடம் சொல்லிப் பார்த்தாள். ஃபோல்டர், லைப்ரரி, லிங்கர் என்று கையை ஆட்டி விளக்கினாள். மாமியார் முழுவதும் கேட்டுவிட்டு, "உனக்கு வேலை வரலன்னா வரலன்னு ஒத்துக்கோ. அவ மேல ஏன் பழி போடற?" என்றார். கணவனிடம் சொன்னாள். "நாலு நிமிஷத்துல சரியாகறது உனக்கு மூணு மாசமா தெரியலன்னா தப்பு யார் மேல?" என்றான் அவன். அதற்கு மேல் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சண்டையும் போடவில்லை. அக்கா என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்தினாள். வேறு எப்படியும் கூப்பிடவும் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சுவரைப் பார்த்து, "கேஸ் வந்திருக்கு," "தண்ணி நிக்கப் போகுது," என்பாள். மூத்தவள் பதில் சொன்னால் கேட்டுக்கொண்டு போவாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்பது மாதம் ஒரே வீட்டில் அப்படி இருந்தாள். அப்புறம் அவள் கணவனுக்கு ஊரின் மறுகோடியில் இருந்த ஷோரூமுக்கு மாற்றல் வந்தது. போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பெரிய டிவி அங்கேதானே போகிறது. மாமியார் படி இறங்கும்போது, "ஜவ்வு, என் மாத்திரை டப்பாவை எடுத்து வெச்சியா?" என்று கேட்டார். நம்ம மூத்தவ என்ற பேச்சு எப்போது நின்றது என்று மூத்தவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

இதற்கிடையில் ஆபீஸில் பிரிவுத் தலைவர் பதவி ஒன்று காலியானது. மூத்தவள் மேனேஜரிடம் போய்க் கேட்டாள். கல்குவாரி விஷயத்தை நினைவுபடுத்தினாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நம்ம மெஷின்ல யார் எந்த ஃபைலைத் தொட்டாலும் பதிவாகும், தெரியும்ல? அந்தப் பொண்ணு மெஷினுக்குள்ள மூணாவது வாரம் நீங்க போயிருக்கீங்க. அந்தப் பழைய ஃபைலைப் பாத்திருக்கீங்க. பாத்துட்டு அப்படியே விட்டுட்டு வந்திருக்கீங்க."

மூத்தவள் மேஜை மேல் கோணலாகக் கிடந்த பேனாவை நேராக்கி வைத்தாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும். ஒரே வீட்டு ஆளுங்க ரெண்டு பேர் வேண்டாம், ஒருத்தரை அனுப்புன்னு மேல சொல்லியிருந்தாங்க. யாரை அனுப்பறதுன்னு யோசிச்சிட்டிருந்தேன். நல்லா எழுதற பொண்ணு அது. உங்களைத்தான் அனுப்பலாம்னு பாதி முடிவு பண்ணியிருந்தேன். நீங்களே வேலையைச் சுலபமாக்கிட்டீங்க." தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். "குடிங்க. நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. இருந்தாலும் பதிவு இருக்கு, பாருங்க. அது எங்கயும் போகாது."

பதவி டெஸ்டிங் பிரிவுப் பையனுக்குப் போனது. அந்த மாதத்திலிருந்து அவள் சனிக்கிழமையும் வர வேண்டியிருந்தது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவரும் காரணம் சொல்லவில்லை.

இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். புதிதாக யாராவது சேர்ந்தால் மேனேஜர் அவர்களைத் தோளில் தட்டி அவளிடம் அழைத்து வருவார். "மேடம்கிட்ட எதுவா இருந்தாலும் கேளுங்க. ஒளிவு மறைவே இல்லாம சொல்லித் தருவாங்க," என்பார். அவளைப் பார்த்துப் புன்னகைப்பார். அவள் உடனே எழுந்து போய், பழைய லைப்ரரி எங்கெல்லாம் ஒளிந்திருக்கும், லிங்கர் எந்த ஃபைலைத் திறக்கிறது என்று அதையே சொல்ல வைப்பது எப்படி, ஓடும்போது எதை எடுக்கிறது என்று பார்ப்பது எப்படி, எல்லாவற்றையும் முதல் நாளே மூச்சுவிடாமல் சொல்லிவிடுவாள். அவர் நகரும் வரை நிறுத்த மாட்டாள். புதிதாக வந்தவர்கள் வீட்டுக்குப் போய், ஆபீஸில் ஒரு மேடம் இருக்கிறார், தங்கமான மனசு என்று சொல்கிறார்களாம்.